எனக்கு மூன்று ஓசை போதும்

லாப்பு-லாப்பு
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

பிரியமுள்ள டெல்ஃபினுக்கு,

உன் ரொசெண்டா எழுதுவது. நானும் நம் மகள் தாலாவும் சுகமாக இருக்கிறோம். கடலும் உன்னிடம் நல்லபடியாக நடந்துகொள்கிறது என்று நம்புகிறேன். பக்கத்துத் தெரு சிமியோன் உன் கப்பலில்தான் வேலைக்குச் சேர்கிறானாம், பூசான் துறைமுகத்தில் உன்னைப் பார்ப்பானாம். அவன் மனைவி வந்து சொன்னாள். அதனால் இதை அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் நீ முகம் காட்டும்போது உனக்குப் பின்னால் நாலு பேர் தங்கள் முறைக்காக நிற்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன பேசுவது?

வீட்டு விஷயம் முதலில். கூரை ஒழுகிய இடத்தில் புதுத் தகரம் போட்டாயிற்று. தாலாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, பாதிச் சொற்களை விசிலடித்துத்தான் சொல்கிறாள். நீ அனுப்பிய பெட்டியிலிருந்த சோப்பில் பாதியை உன் தங்கை கிளெண்டா எடுத்துக்கொண்டு போனாள். மீனை நல்ல எண்ணெயில் பொரிக்கிறேனா என்று மோந்து பார்த்துவிட்டும் போனாள். அவளைப் பற்றிச் சொல்ல இன்னும் இருக்கிறது.

இனி, என் கித்தார் ஓசையை மாற்ற நீ வாங்கி அனுப்பிய அந்தப் பெடல். நீ அதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் இணைப்பு அறுந்துபோகும் அல்லவா? சில தடவை உண்மையாகவே அறுந்தது. மற்றபடி நான்தான் அறுத்தேன். கோபப்படாதே. யோக்கோஹாமாவில் மழையில் கடை கடையாக ஏறி இறங்கினாய். என் மனைவி கல்யாணங்களில் கித்தார் வாசிக்கிறாள், இருப்பதிலேயே நல்லதாகக் கொடு என்று கேட்டு வாங்கினாய். அது தெரிந்ததால்தான் அதனோடு மல்லுக்கட்டுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் பழைய பெடல்கள் மூன்றையும் உனக்குத் தெரியும். சிவப்பு உறுமும், நீலம் அலையடிக்கும், பச்சை எதிரொலிக்கும். மிதித்தால் வரும், மறுபடி மிதித்தால் போகும். கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் குனிந்து ஒரு திருகைத் திருப்பினால் முடிந்தது. புதியதில் நூற்றுக்கணக்கில் ஓசைகள், திருகு மட்டும் ஒன்றே ஒன்று. திருப்பினால் ஒரு மெனு. அமுக்கினால் அதற்குள் இன்னொரு மெனு. எதிரொலியைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் என் தேவை. எந்த ஓசை, அதில் எந்தப் பகுதி, அதில் எந்தப் பக்கம் என்று உள்ளே உள்ளே போய்ச் சேர்ந்தால் அங்கே எதிரொலி இருக்கிறது, ஆனால் அது வேறு எதிரொலி. திரும்பி வர ஒரு பொத்தான். தட்டினால் வெளியே வரலாம். கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டால் சுதி சேர்க்கும் இடத்துக்குப் போய்ச் சத்தமே நின்றுவிடும். எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் சேமிக்கவா என்கிறது. ஆமாம் என்றால் எங்கே என்கிறது. அதையும் சொன்னால் பெயர் கேட்கிறது. அந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் திருகித் திருகி எழுத வேண்டும். கூட வந்த புத்தகத்தில் எழுத்து மீன்முட்டை அளவுக்கு இருக்கிறது.

ஒத்திகையில் நான் தரையில் முட்டி போட்டுத் திருகிக்கொண்டிருப்பேன். பாட நிற்கும் கிளெண்டா மைக்கிலேயே கேட்பாள்: “அண்ணி, பாட்ட ஆரம்பிக்கலாமா, இல்ல இன்னும் பாஸ்போர்ட் ஆபீஸ்லதான் நிக்கிறீங்களா?” டிரம்ஸ் வாசிக்கும் பொக்னோய் தன் பங்குக்கு, “விடு கிளெண்டா, இப்பத்தான் ரெண்டாவது கவுன்டருக்குப் போயிருக்காங்க” என்பான். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் சிரிப்பு வராது.

பழையதையே எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே என்று கேட்பாய். நிகழ்ச்சிப் படங்களைப் பொக்னோய் இணையத்தில் போடுகிறான், நீ கப்பலில் இருந்து பார்க்கிறாய். அந்தப் படங்களில் என் காலடியில் நீ வாங்கித் தந்தது இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அப்படித்தான் கோர்டோவா ஊரில் நடந்த கல்யாணத்துக்கும் கொண்டு போனேன். வாரக்கணக்கில் மெனக்கெட்டு ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் ஓசை செய்து வைத்திருந்தேன். சாப்பாடு முடிந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் முதல் நடனத்துக்கு நடுவில் வந்து நின்றார்கள். நான் அவசரத்தில் இரண்டு பொத்தான்களை ஒன்றாக மிதித்துவிட்டேன். திரையில் அதுவரை பார்க்காத ஒரு மெனு. வெளியே வர வழி தேடித் திருகினேன். முன்பிருந்தபடி ஆக்கவா என்று ஒரு கேள்வி வந்தது. தப்பாக மிதிப்பதற்கு முன்னால் இருந்தபடி என்று நினைத்து ஆமாம் என்று அமுக்கினேன். தொழிற்சாலையிலிருந்து வந்தபடி என்று அதற்கு அர்த்தமாம். நான் செய்து வைத்தவை அத்தனையும் போய்விட்டன.

கூடம் முழுக்க எங்களைப் பார்த்தது. பெண் மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தபடியே காத்திருந்தாள். நான் இன்னும் திருகிக்கொண்டிருந்தேன். அப்போது உன் தங்கை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், துணைக்கு எந்த வாத்தியமும் இல்லாமல், பாட ஆரம்பித்தாள். முதலிலிருந்தே அப்படித்தான் திட்டம் என்பதுபோலப் பாடினாள். பொக்னோய் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தான். நான் பெடலிலிருந்து ஒயரைப் பிடுங்கி நேராக ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன்.

நன்றாக வாசித்தேன் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். மெதுவான பாட்டு தப்பித்தது. ஆட்டப் பாட்டுகள் உப்பில்லாத கஞ்சியாக இருந்தன. வேனில் பெடலை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். நகரத்தில் ஒரு கித்தார்க்காரன் சும்மா இருக்கிறான், கூப்பிட்டால் வருவான் என்று கிளெண்டா முன்பு ஒரு தடவை சொல்லியிருந்தாள். என் இடம் போயிற்று என்றே நினைத்தேன்.

மறுநாள் காலையில் வந்தாள். கையில் ஓலைப்பொட்டலச் சோறும் சுட்ட மீனும். அந்தக் கித்தார்க்காரனைப் பற்றித்தான் பேசப் போகிறாள் என்று நான் அடுப்படியிலேயே நின்றேன். அவள் உட்கார்ந்து, அந்தப் புத்தகம் எங்கே என்று கேட்டாள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அந்தக் கல்யாணப் பெண்ணின் அத்தை தெயோடோராவுக்குக் கடற்கரையில் ஒரு விடுதி இருக்கிறது. சாயங்காலங்களில் அங்கே வாசிக்க எங்களைக் கேட்டிருக்கிறார். எங்கள் வாசிப்புக்காக இல்லை, வாத்தியம் நின்ற பிறகும் பாட்டை நிறுத்தாததற்காக. ஆனால் மாடியில் அறைகள் இருப்பதால் பெரிய ஆம்ப்ளிஃபயர் கூடாது, கித்தார் நேராக அவர்களுடைய ஸ்பீக்கருக்குள் போக வேண்டும். என் பழைய பெடல்களை அப்படி நேராகச் சொருகினால் சிவப்பு கொசு மாதிரி கத்தும். நீ வாங்கிய இந்தப் பெடல் பெட்டிக்குள்தான் ஆம்ப்ளிஃபயரின் ஓசையும் இருக்கிறது. இது எனக்குக் கைவராவிட்டால் அந்த வேலையும் வராது.

உன் தங்கை பகலெல்லாம் அலுவலகத்தில் பிறருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவள். மீன்முட்டை எழுத்துக்கு அவள் பயப்படவில்லை. அவள் உரக்கப் படிக்கப் படிக்க நான் திருகினேன். தப்பான இடத்துக்குப் போனால் “அண்ணி, வெளிய வாங்க, அது நம்ம கவுன்டர் இல்ல” என்பாள். மதியம் தாண்டி ஒரு மூலையில் கண்டுபிடித்தோம். அந்தப் பெட்டியிடம், நீ மூன்று தனிப் பெடல்களாக நடந்துகொள் என்று சொல்ல முடிகிறது. மூன்று பொத்தான்களுக்கும் ஆளுக்கொரு ஓசை, ஆளுக்கொரு விளக்கு. சிவப்பு, நீலம், பச்சை என்று வைத்துக்கொண்டேன். திருகை யாரும் தொட முடியாதபடி பூட்டவும் ஓர் இடம் இருந்தது. பூட்டிவிட்டேன். மிதித்தேன், உறுமியது. மறுபடி மிதித்தேன், நின்றது. நாங்கள் இரண்டு பேரும் தாலாவும் சேர்ந்து கைதட்டினோம்.

அதன்பிறகு மீனைச் சாப்பிட உட்கார்ந்தோம். கிளெண்டா முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் சொன்னதாக நினைக்காதே.

“அண்ணன நெனச்சா எனக்குக் கோவந்தான் வருது அண்ணி. வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டு பெட்டி பெட்டியா அனுப்புறான். பெட்டியோட யாரு பேசறது?”

நான் அவளுக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

விடுதியில் வியாழனன்று ஆரம்பித்தோம். பெட்டி ஒரு தடவைகூட என்னிடம் கேள்வி கேட்கவில்லை. நான் குனியவே இல்லை, டெல்ஃபின். சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்த்து வாசித்தேன். எதிரொலி எத்தனை அழகு என்று அன்றுதான் கேட்டேன், என் பச்சைப் பெடலில் இப்படி வந்ததே இல்லை. நீ நல்லதைத்தான் வாங்கியிருக்கிறாய். தெயோடோரா எங்களை வருடம் முழுவதற்கும் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சிக்கனமாக இருந்தால் அதிலேயே வீடு நடக்கும் என்று தோன்றுகிறது. அவருடைய படகு என்ஜினைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு நல்ல ஆள் தேவையாம். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். நான் உன் பெயரை மட்டும் சொல்லி வைத்தேன்.

அடுத்த மாதம் கம்பெனி மறுபடி உன்னிடம் ஒப்பந்தக் கையெழுத்துக்கு வரும் என்று சிமியோன் மனைவி சொன்னாள். இதைச் செய் என்று நான் சொல்லப் போவதில்லை. கடலில் நிற்பது நீ, உனக்குத் தெரியும். இதைப் படித்து முடித்துவிட்டு அந்தக் காகிதத்தைப் பார், அது போதும்.

தேவபாலன் சாந்தோ நீனோ உன் என்ஜின் அறையிலும் உன் தூக்கத்திலும் துணையிருக்கட்டும். இனி எந்தத் துறைமுகத்திலும் எனக்காகக் கடை ஏறி இறங்காதே. இந்தத் தடவை கையில் ஒன்றும் இல்லாமல் வா.

என்றும் உன்,
ரொசெண்டா