நீ கத்தியபோது அவர்கள் போட்ட பாட்டு

அன்பு மகன் வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் என்ன சொல்வாய் என்று தெரியும், அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை. அக்காவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, பக்கத்தில் யாராவது இருந்தால் மட்டும் முனகுகிறார்.

நீ கதாநாயகனுக்குப் பதிலாகக் கார் ஓட்டிய படம் இங்கே வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். பொய் சொல்வானேன், முதலில் எனக்கே பிடித்துத்தான் இருந்தது. கார்கள் கிளம்பினபோது நாற்காலியே அதிர்ந்தது, வளைவில் சறுக்கும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை நான் காலால் மிதித்தேன், இது நம்ம பையன் ஓட்டினது என்று அப்பா காதில் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தார். போகப்போக வெறுத்துப்போய்விட்டது. கதை மருந்துக்கும் இல்லை. கதாநாயகன் கடைத்தெருவுக்குள் காரை விடுகிறான், தள்ளுவண்டிகள் பறக்கின்றன, ஒரு பஸ் குப்புறக் கவிழ்கிறது, அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷன் உன் அப்பா, அதில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று என்னிடம் கேட்கிறார், நான் எங்கே போய்ப் பதில் தேட? படத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பந்தயக் கொடி ஆட்டுவதைத் தவிர வேலை இல்லை. பாலத்திலிருந்து விழுந்த காரிலிருந்து கதாநாயகன் தலைமுடியைக் கோதிக்கொண்டு இறங்குகிறான், கன்னத்தில் ஒரு கீறல், அதுவும் அழகுக்கு.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, படப்பிடிப்பில் தவறிப்போன காட்சிகளை வேடிக்கைக்கென்று காட்டினார்கள். ஒரு கார் உருண்டு தலைகீழாக நின்றது. ஜன்னல் வழியாக ஒருவனை இழுத்தார்கள், ஹெல்மெட்டைக் கழற்றினால் நீ. இடது கை துணி மாதிரி தொங்குகிறது, வாயைப் பிளந்து கத்துகிறாய், உன் சத்தத்தை எடுத்துவிட்டு ஒரு துள்ளல் பாட்டைப் போட்டிருந்தார்கள். தியேட்டரே சிரித்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் சிரித்தபடியே என் பக்கம் திரும்பினாள். "அது என் பிள்ளைங்க, கை உடைஞ்சு கத்துறான்" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், பாவம், அவள் என்ன செய்வாள். கூட்டம் போய், பெருக்குகிறவர்கள் வந்த பிறகும் அப்பா எழுந்திருக்கவில்லை. போனில் கேமரா பழுது என்று ஒன்றரை மாதம் முகம் காட்டாமல் பேசினாயே, அப்போதுதானே இது நடந்தது?

அடுத்த பாகத்துக்கும் நீ ஒப்புக்கொண்டதாக அக்கா சொன்னாள். போகாதே என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன், அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் இதே தாளில் அனுப்புகிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்தால் உனக்கு வரும் சந்தோஷம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் உன் வலியைக் காசாக்கிச் சிரிக்க வைத்தார்களே, அதற்கு உன்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்டு நீயும் சரி என்றாயா? அதை மட்டும் உள்ளபடி எழுது. கேட்கவில்லையென்றால் அந்தக் காட்சியை நீக்கச் சொல்லிச் சண்டை போடு, சம்பளம் போனால் போகிறது, சோறு இங்கே இருக்கிறது.

உன் கை கால் எல்லாம் நன்றாக இருந்து நீ நீடூழி வாழ வேண்டும். வலி இருந்தால் டாக்டரைப் பார். இனி எங்கே அடிபட்டாலும் முதலில் எங்களுக்குச் சொல். டிக்கெட் வாங்கித் தெரிந்துகொள்ளும்படி வைக்காதே.

உன் அம்மா