இழுத்துப் போட்ட டேப்

அன்புள்ள அம்மாவுக்கு மாரீஸ்வரி எழுதுவது. நீங்களும் அப்பாவும் சுகந்தானே? செம்பூரில் நாங்கள் நலம். பாப்பாவுக்கு லேசான இருமல், அவ்வளவுதான்.

போன வாரம் தொண்டர் குழுவோடு மால்வன் கடலில் பவளப்பாறையைக் கணக்கெடுக்க முங்கினேன். பயப்படாதீர்கள், ஆழம் குறைவு. பாறைமேல் குறித்த இடத்தில் அளவு டேப்பை நேராக விரித்து, அதற்கு நேர்கீழே உள்ள பவளம் உயிரோடிருக்கிறதா, வெளுத்ததா, செத்ததா என்று எழுத வேண்டும். என்னோடு முங்கும் ஜோடி, தாராவி பேச்சிராஜா, டேப்பை நல்ல பவளத்தின்மேல் இழுத்துப் போட்டுவிட்டான். படகில் ஏறியதும் கத்தினேன். அவன் முனகினான்:

“எல்லாம் செத்துக் கெடக்குக்கா. பாக்கவே பாவமா இருந்துச்சு.”

“நீ பாவம் பாத்தா அதுக்கு உசிரு வந்துருமால?”

அந்தக் கணக்கு முழுவதும் தள்ளுபடி. நாங்களே மறுபடி எடுக்க வேண்டுமாம். மழைக்கு முன் இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமைதான் மிச்சம். விட்டால் அந்தப் பாறை செத்தது இந்த வருடக் கணக்கிலேயே ஏறாது. அன்று பார்த்து அவருக்கு டூட்டி. பாப்பாவை யாரிடம் விடுவது? எரிச்சலில் தூக்கம் வரவில்லை.

நீங்கள் வர முடியுமா? பனங்கற்கண்டும் கொண்டு வாருங்கள். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் ரயிலில் வர வேண்டாம் என்று எழுதத்தான் நினைத்தேன். எழுத மனம் வரவில்லை அம்மா.

பாப்பா அழுகிறாள்.

மாரி