படிவத்தின் ஓரத்தில் குடங்கள்

என் அன்பு அண்ணி,

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. அண்ணன் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். குடிக்கும்படி இருக்கிறது, பயப்படாதீர்கள். இன்றைக்கு நான் எழுத உட்கார்ந்தது உங்களிடம் மன்னிப்புக் கேட்க.

நம் ஆபீஸின் முதுகுவலி ஆய்வு நினைவிருக்கிறதா? கார்மெண்ட்ஸில் தைக்கும் பெண்களைத் தேடி நீங்கள் நீலசந்திராவில் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவீர்கள். நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். தையல் மிஷினில் எத்தனை மணி நேரம், வலி எவ்வளவு, இவ்வளவுதான் கேள்வி. நீங்களோ ஓரத்தில் "தெருக்குழாய், மாடிக்கு எட்டுக் குடம்" என்றெல்லாம் கிறுக்கி வைத்தீர்கள். எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"ஸ்வல்பா, கொஞ்சம் கேளும்மா. வலி எப்போன்னு கேட்டா, அவங்க குடத்தைக் காட்றாங்க. நான் என்ன பண்றது?" என்றீர்கள்.

"படிச்சது நானா நீங்களா அண்ணி?" என்றேன். மறு வாரமே மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் கேள்வியை நான் எங்கே போய்த் திரும்ப வாங்குவது?

போன மாதம், எதனால் எவ்வளவு வலி என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டர் மாடலில் உங்கள் குடங்களையும் சேர்த்துப் பார்த்தேன். அதிக நேரம் தைப்பவர்கள்தான் மாடி அறைகளில் குடியிருந்து தண்ணீரும் சுமக்கிறார்கள். குடத்தின் வலியையும் நாங்கள் மிஷின் தலையில் கட்டியிருந்தோம். சேர்த்ததும் மிஷினின் பங்கு குறைந்தது, ஆனால் அடியோடு போகவில்லை. இரண்டும் சேர்ந்த பெண்களுக்கோ வலி, இரண்டையும் தனித்தனியாகக் கூட்டினால் வருவதைவிடவும் அதிகம். பகலெல்லாம் குனிந்த முதுகு குடத்தைத் தாங்கவில்லை. ஆபீஸிலேயே அழுதுவிட்டேன்.

ஆனால் குடக்கணக்கு நீங்கள் நிரப்பிய படிவங்களில் மட்டும்தான் இருக்கிறது. இவ்வளவு குறைவான பேரை வைத்துப் பார்த்தால் அந்தக் கூடுதல் வலி பெரிதாகவும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். "உறுதியாச் சொல்ல முடியாதும்மா, விட்டுடலாம்" என்றார் ஆபீஸ் பெரியவர். எனக்கு வந்ததே கோபம். மற்றவர்கள் போய்ப் படிவம் நிரப்பிய வீடுகளுக்கு நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று ஈஜிபுராவில் முதல் வீடு. என்னைப் பற்றித்தான் தெரியுமே, தெரியாதவர்களிடம் எனக்குப் பேச்சே வராது. அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போன தடவ வந்தவங்க தண்ணி பத்தி ஒண்ணும் கேக்கலையே. இப்ப மட்டும் ஏன் கேக்குற?"

"எங்க அண்ணி கேக்கச் சொன்னாங்க," என்றேன்.

மீதி வீடுகளையும் முடிப்பேன் அண்ணி. அறிக்கையில் உங்கள் பெயர் நன்றி சொல்லும் பக்கத்தில் வராது. எழுதியவர்கள் வரிசையில், எனக்கு முன்னால் வரும்.

இப்படிக்கு,
உங்கள் சண்டைக்கார நாத்தனார்
வசந்தா