கிழிந்த சோபாவின் வீடியோ

மார்ச் 4

டீச்சரின் சோபாவைத் தவிரக் கடையில் வேலை இல்லை. அதுவும் நாளை மறுநாள் முடிந்துவிடும். தைத்த சோபாக்களை நெட்டில் போட்ட படங்களுக்கு லைக் போட்டவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள். ஒருவர்கூட ஒரு குஷன் தைக்கக் கொடுத்ததில்லை. ஆனாலும் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இந்த மாதமும் இப்படியே போனால் கடையைப் பூட்டிவிட்டு இவர் பழைய முதலாளியிடம் போய் நிற்க வேண்டும்.

மார்ச் 7

தங்கை போனில் வகுப்பு எடுத்தாள். புதுசை மட்டும் காட்டினால் யாரும் பார்க்க மாட்டார்களாம். "பழசு எவ்ளோ மோசமா இருந்துச்சுன்னு முதல்ல காட்டுக்கா. அப்பதான் நின்னு பாப்பாங்க."

பிரித்த பிறகு மடிப்புகள் மறந்துவிடக் கூடாது என்று, எடுத்து வரும்போதே சோபாவை வீடியோ எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். டீச்சர் வீட்டுக் கூடத்தில் எடுத்தது போனில் இருக்கிறது.

மார்ச் 8

போட்டுவிட்டேன். பூனை கிழித்த கைப்பிடி, துருத்திய ஸ்பிரிங், பிறகு பளபளவென்று புதுசு. மேலே ஒரு வரி: 'இதில் உட்கார்ந்தவருக்கு ஒரு வீரப் பதக்கம்!' எனக்கே சிரிப்பு வந்தது.

மார்ச் 10

கை கால் ஓடவில்லை. யார் யாரோ பகிர்கிறார்கள். தெரியாத எண்களிலிருந்து அழைப்பு. பசை ஒட்டிய விரலுக்குத் திரை மசியவில்லை. மூக்கால் அழுத்தி எடுத்தேன். இவர் தலையில் அடித்துக்கொண்டார், சிரித்துக்கொண்டேதான்.

மார்ச் 13

டீச்சர் கடைக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவர் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் யாரோ வீடியோவைப் போட, கூடத்துச் சுவரை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்களாம். லிஃப்டில் ஒருவர், பதக்கம் எப்போ குத்திக்கப் போறீங்க என்று கேட்டாராம்.

"கிழிஞ்சது தெரியக் கூடாதுன்னு போர்வை போட்டு மூடித்தாம்மா வச்சிருந்தேன். வேலை செய்யறவங்களாச்சேன்னுதான் உங்க முன்னாடி எடுத்தேன்."

சத்தம் போட்டிருந்தால் தேவலை. என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன் நான்.

அன்றே, மாலை

சுவரை மட்டும் மங்கலாக்கலாம் என்கிறார் இவர். நீக்கினால் வருகிற அழைப்பும் நின்றுவிடும் என்கிறாள் தங்கை. நிற்கும்தான். அதுக்காக? அந்த அம்மா லிஃப்டில் ஏறும்போதெல்லாம்—

நீக்கிவிட்டேன். குழுவில் போனது போனதுதான். டீச்சருக்குப் போன் போட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 16

போன் ஊமை.

மார்ச் 17

எங்கள் வீட்டுச் சோபாவும் கிழிசல்தான். தைக்க நேரம் ஏது? அதையே வீடியோ எடுத்தேன். போடப் போனபோது விரல் எழவில்லை. பெரியம்மா பார்ப்பாரே, சம்பந்தி வீட்டார் பார்ப்பார்களே. என் சோபா என்றதும் எனக்கு எவ்வளவு கூச்சம். அடுத்தவர் சோபாவுக்கு மட்டும் பதக்கம் குத்தினேன்.

போட்டேன். பெரியம்மாவின் கருத்து முதல் ஆளாக வந்தது: "சோபா தைக்கிறவ வீட்டு லட்சணமா இது?" வேறு யாரும் வரவில்லை.

மார்ச் 22

டீச்சரின் குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். திட்டத்தான் என்று நினைத்து, நானே முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

"அது இல்லம்மா. எங்க சோபா பாக்கற மாதிரியே இல்ல, யாரையும் கூப்பிடவே கூச்சமா இருந்துச்சு. மேல் வீட்டு டீச்சர்தான் உங்க நம்பர் குடுத்தாங்க. வீடியோ வேணாம்னு சொன்னா கேட்டுக்குவாங்கன்னு சொன்னாங்க."

வருகிறோம் என்று சொல்லி வைத்தேன். இவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னேன்.