புதுமைக்குச் சாட்சி ரோசம்மா

4-11-68, திங்கள்

காலையிலிருந்து தூறல். வெளுத்த துணி காயவில்லை. முதலாளி முகமும் தெளியவில்லை.

பிஷப் மேற்றிராணியார் அனுப்பிய மூன்று சாமியார்கள் வந்தாயிற்று. எங்கள் ஊர்த் தர்மாஸ்பத்திரியை நடத்திய கன்னியாஸ்திரி, சிஸ்டர், இறந்து ஏழு வருஷம். அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கலாமா என்று விசாரணை. மூவரில் ஒருவருக்குக் குறை கண்டுபிடிப்பதே வேலை. இப்படியோர் உத்தியோகம் இருப்பது தெரிந்திருந்தால் பனியன் துணி வெட்ட வந்திருப்பேனா?

பக்கத்து வீட்டுப் பழனியம்மாள்: "ஏனுங்க, எங்க முருகன் சாட்சி சொல்ல ஆள் கூட்டிட்டா மலையேறுனாரு?" சாயங்காலத்துக்குள் இதை ஊர் முழுக்கப் பரப்பிவிட்டேன். என் வாய் அப்படி.

முக்கிய சாட்சி என் சம்சாரம் ரோசம்மா. மூன்று வருஷம் முன் காசநோய். டாக்டர் கைவிரித்தார். சிஸ்டர் கல்லறையில் ஒரு ஞாயிறு முழுக்கக் கிடந்தாள். எழுந்தவள் இன்றுவரை நல்ல சுகம். இந்த அற்புதத்தைத்தான் கோயிலில் புதுமை என்கிறார்கள்.

'இன்றுவரை' என்று எழுதிவிட்டேன். அடிக்க வேண்டும்.

5-11, செவ்வாய்

வாங்கியது: மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை. எல்லாம் அவள் இருமலுக்கு. பத்து நாளாக இருக்கிறது. பஞ்சுத் தூசி என்கிறாள். தலையணைக்கு அடியில் துணிக்கிழிசல். ரத்தக்கறை.

"டாக்டர்கிட்டப் போலாம், கெளம்பு."

"வேண்டாங்க. அவரு வியாதின்னு சீட்டெழுதுவாரு. வியாதி திரும்பி வந்துச்சுன்னா அது புதுமையில்லீன்னு சாமி பூசையிலயே சொன்னாருல்லங்க? என்னால அந்தம்மாவுக்குப் பட்டம் போகோணுமா? சாமிமாருக ஊருக்குப் போகட்டும்."

"அதுவரைக்கும்?"

"இருமாம இருந்துக்கறேனுங்க."

7-11, வியாழன்

மழை விட்டது. ரோசம்மா சாட்சி சொன்னாள். வாயில் கற்கண்டு. உள்ளே முக்கால் மணி நேரம், ஒரு இருமல்கூட இல்லை. வெளியே வந்து கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு இருமியதை நான் மட்டும் பார்த்தேன். மணியடிக்கும் கோயில்பிள்ளை என்னிடம், "அக்கா கல்லாட்டம் இருக்குதுங்க!"

நாளை நான். உள்ளே பேசியது வெளியே போகக்கூடாது என்றும் சத்தியம் வாங்குவார்களாம். என்னிடம்! கட்டிங் டேபிள் முழுக்கச் சிரிப்பு.

8-11, வெள்ளி

சுவிசேஷத்தின் மேல் கை. குறை காணும் சாமியார் சின்ன வயசு. ஜலதோஷம் வேறு.

"உங்க சம்சாரம் இப்ப பூரண சுகமா?"

தயார் செய்துகொண்டு போன வேடிக்கைப் பேச்சை ஓரமாக வைத்தேன். ஆமாங்க என்றால் சிஸ்டர் பீடம் ஏறுவார். ரோசம்மா?

"இல்லீங்க சாமி. ரத்தமா இருமறா."

எழுதிக்கொண்டிருந்த இன்னொரு சாமியாரின் பேனா நின்றது. குறை கிடைத்த மனிதர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

வெளியே சொல்வதில்லை என்ற சத்தியம் என் வீட்டு வாசல் வரை தாங்கியது. அவளிடம் சொல்லிவிட்டேன். சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

12-11, செவ்வாய்

கோவை. பெரிய ஆஸ்பத்திரி. எக்ஸ்ரேயில் நுரையீரல் இரண்டு பக்கமும் நோய் இருக்கிறது. "முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். ஜன்னலோரப் படுக்கை. பஸ்ஸில் எதிர்ப்பட்ட எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என் வணக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. விஷயம் பரவிவிட்டது, இந்த முறை நான் பரப்பாமலே.

வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் பேச்சில்லை. சாத்துக்குடி உரித்து நீட்டினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அந்தம்மா இன்னொருத்தியச் சொகமாக்குவாங்க. அவ ஊட்டுக்காரராவது வாயை மூடிட்டு இருக்கோணும்."

சரி அம்மணி என்றேன். சுளையை வாங்கவில்லை.