இரண்டு லைனும் ஒரு சுவரும்

தேவதானம்,
4.7.1999

அன்புள்ள கனிக்கு,

நான் சுகம். நீயும் அத்தையும் சுகமா? கோபத்தைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு இதைப் படி.

ராஜபாளையத்தில் கேட்டிருந்த வேலை கிடைத்துவிட்டது! அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடித்து அனுப்ப வேண்டும். டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவள் நீ. உன்னை நம்பித்தான் ஒப்புக்கொண்டேன். ஆனால் பதிவுகள் இன்டர்நெட்டில் வந்து இறங்க வேண்டும். நம் லைனில் அது ஊர்ந்து ஊர்ந்து வருகிறது. இந்த மாதம் வெள்ளோட்டம். தாமதமானால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

நான் போன் வாங்கியதும் அண்ணனும் வாங்கினார். நான் கம்ப்யூட்டர் வாங்கினேன், உரக்கடைக்கென்று அவரும் வாங்கினார். இன்டர்நெட்டும் அப்படித்தான். வீம்புக்கு வாங்கிய இரண்டு லைனும், வீட்டை இரண்டாக்கிய அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் சும்மா கிடக்கின்றன. நடுவில் ஒரு கேபிள் இழுத்து இரண்டையும் சேர்த்தால், பாதிப் பதிவு அங்கே இறங்கும், பாதி இங்கே இறங்கும். வேலை பாதி நேரத்தில் முடியும்.

நானும் அண்ணனும்தான் பேசிக்கொள்வதில்லையே, வேலுத்தாய் மதினி மூலம் கேட்டனுப்பினேன். "கம்பிதான போகணும், போகட்டும்" என்றாராம் அண்ணன். இன்று சுவரில் துளை போட்டேன். அந்தப் பக்கமிருந்து, "இன்னும் செத்த கீழ" என்று அவர் குரல் கேட்டது. சுவரைப் பார்த்துச் சொன்னதுதான். ஆனாலும் அவர் சொன்னபடியே துளையைக் கீழே இறக்கிப் போட்டேன் கனி.

எப்போது வருகிறாய்?

அன்புடன்,
பொன்னுராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
9.7.1999

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மருமகனின் வீம்புக் கதையைக் கேட்டு அம்மா சிரித்துவிட்டாள். வேலை கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் என் பேச்சு பேச்சுதான். நான் உங்களோடு சண்டை போட்டு வரவில்லை, அந்தச் சுவரோடுதான். ஒரே வீட்டை அண்ணனும் தம்பியும் இரண்டாக வெட்டிக்கொண்டீர்கள். அந்தப் பக்கம் வேலுத்தாய் அக்கா இருமுவது நம் அடுப்படியில் கேட்கும், என்ன செய்கிறது என்று கேட்கக் கூடாது. இங்கே வந்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் பால்கோவா இரண்டு பொட்டலம் வாங்கி, ஒன்றைத் தெருவைச் சுற்றிப் போய்க் கொடுப்பேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வாள். அது பெரிய அத்தானுக்குப் பயந்து என்று எனக்குத் தெரியும்.

கம்பி போக வழி பண்ணிவிட்டீர்கள். மனுஷி போக வழி எங்கே? அதுவரை கோர்ட் வாசலில் மனு டைப் அடித்துக்கொண்டே இருக்கிறேன்.

இப்படிக்கு,
செல்லக்கனி


தேவதானம்,
30.7.1999

அன்புள்ள கனிக்கு,

உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே!

இரண்டு லைனும் சேர்ந்து ஓடின. முதல் பதிவு இறங்கிய வேகத்தைப் பார்த்து நான் துள்ளிவிட்டேன். பிறகு பட்டென்று அந்தப் பக்க லைன் அறுந்தது. மதினிதான் ரிசீவரை எடுத்திருக்கிறார். எடுத்தால் லைன் போய்விடும் என்று அவருக்குத் தெரியாது. "கொய்யின்னு யாரோ அழுத மாதிரி இருந்துச்சு, அதான் அலோன்னேன்" என்றார்.

மதினி எடுக்காவிட்டாலும் லைன் தானாகவே அறுந்தது. மறுபடி டயல் செய்ய அந்தப் பக்கம் ஆள் வேண்டும். போனில் சொல்லலாமென்றால் இந்தப் பக்கப் போனில் இன்டர்நெட் ஓடுகிறது, சுவர் வழியே கத்தவோ வீம்பு விடவில்லை. லைன் போனது, வந்தது என்று சொல்லத் தெருவைச் சுற்றித்தான் ஓட வேண்டும். நான் ஓடினேன், மதினி ஓடினார், பிறகு அண்ணனே ஓடத் தொடங்கினார். ஊரே வேடிக்கை பார்த்தது.

இன்று வெள்ளோட்டத்தின் கடைசி நாள். பாதி இறங்கியபோது லைன் போனது. நான் இந்தப் பக்கமிருந்து ஓட, அவர் அந்தப் பக்கமிருந்து ஓடிவர, தெரு முக்கில் நேருக்கு நேர் நின்றோம். அவர்தான் பேசினார்.

"ஏலே, நாம எதுக்குல இப்படி ஓடிக்கிட்டுக் கெடக்கோம்?"

நேரே வீட்டுக்குள் போய்க் கடப்பாரையோடு வந்தார். அவர் நின்று கட்டிய சுவர், அவரே இடித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். புழுதியில் நின்று மதினி அழுதார், நானும் அழுதேன். நீ இல்லாததால் நானே இரண்டு விரலால் தட்டித் தட்டி டைப் அடித்து, சாயங்காலத்துக்குள் வேலை முடிந்து அனுப்பியாயிற்று. இனி அந்த வேலை நமக்குத்தான்!

இடித்த இடத்தில் கதவு போடலாமா என்கிறார் அண்ணன். உன்னைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
பொன்னுராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
3.8.1999

அன்புள்ள அத்தானுக்கு,

கதவு வேண்டாம். செங்கல் துண்டுகளை மட்டும் அள்ளிவிடுங்கள், அக்கா வெறுங்காலோடு நடப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பால்கோவாவுக்கு இன்றே சொல்லிவைத்துவிட்டேன். கடைக்காரர், "வழக்கம்போல ரெண்டு பொட்டலந்தானம்மா?" என்று கேட்டார். ஒன்றாகவே கட்டச் சொல்லிவிட்டேன்.

உங்கள்,
கனி