என் டோக்கனில் முனிரத்தினம்

2 மே 1978, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே வெயில் சுட்டது. கத்திரி தொடங்க இன்னும் இரண்டு நாள். இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட், அதனால் வீட்டில் இருந்தேன். தபால்காரர் வந்தார். ஹால் டிக்கெட்.

பி.ஏ. வரலாறு, அஞ்சல் வழி, இரண்டாம் ஆண்டு. மையம் திருவள்ளூர்.
8 திங்கள், இந்திய வரலாறு
10 புதன், ஆங்கிலம்
12 வெள்ளி, பொருளாதாரம்
மூன்றும் காலை 10 முதல் 1 வரை.

என் பெயரை அச்செழுத்தில் பார்த்ததில் ஒரு நிமிஷம் சந்தோஷம். பிறகு காலண்டரைப் பார்த்தேன். அடுத்த வாரம் எனக்கு முதல் ஷிப்ட், காலை 6 முதல் 2 வரை. மூன்று தேர்வும் வேலை நேரத்தில்.

என் சம்சாரம் சரோஜா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "பாஸா?"

"இது பரீட்சைக்கு உள்ள வுடுற சீட்டு."

"அப்ப இன்னாத்துக்கு மூஞ்சி இப்படி?"

முப்பத்தேழு வயதில் ஏன் படிக்கிறாய் என்று யார் கேட்டாலும் சிரித்து மழுப்புகிறேன். உண்மையை இங்கே எழுதலாம். பயம்தான். பழவேற்காட்டில் தண்ணீருக்குப் பயந்து ஏரியை விட்டு ஓடி வந்தவன் நான். அண்ணன் இன்னும் வலை போடுகிறான். இங்கே கும்மிடிப்பூண்டிக்கு வந்து, இரும்பு மில்லில் நெருப்பில் நிற்கிறேன். உருளைகளுக்கு நடுவிலிருந்து சிவப்பாக ஓடி வரும் கம்பியை இடுக்கியால் பிடித்து, திருப்பி, அடுத்த உருளைக்குள் விட வேண்டும். ஒன்பது வருஷம். ஒரு நாள்கூட பயமில்லாமல் நின்றதில்லை. டிகிரி இருந்தால் வருகைக் கணக்கு எடுக்கும் டைம் ஆபீஸில் கிளார்க் வேலைக்கு மனுப் போடலாம். அங்கே மின்விசிறி இருக்கிறது.

பேனா கசிகிறது. புது நிப் வாங்க வேண்டும்.

3 மே, புதன்

லீவு கேட்டு மில் ஆபீசரிடம் போனேன். வாசலில் நிற்கும்போதே சட்டை நனைந்துவிட்டது.

"லீவெல்லாம் உன் பொண்ணு பொறந்தப்பவே எடுத்துட்டே. பரீட்சைக்குன்னு லீவு கொடுக்க ரூல்ல எங்க இருக்கு? காட்டு."

"சம்பளம் வேணாம் சார். மூணு நாள்."

"ஆர்டர் முடிக்கணும். ஒருத்தனுக்குக் கொடுத்தா நாளைக்குப் பத்துப் பேர் காலேஜுக்குப் போறேன்னு நிப்பான். யாரைக் கேட்டுப் படிக்கச் சேர்ந்தே?"

போன ஜூன் மாதமே தேர்வு எழுத அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தேன், பதில் வரவில்லை என்று சொல்ல வந்தேன். ஆனால் "சரி சார்" என்று வந்துவிட்டேன். அந்தக் கடிதத்தின் நகல், ஆபீஸ் முத்திரையுடன், டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. எடுத்துக் காட்ட ஏன் தைரியம் இல்லை?

5 மே, வெள்ளி

கத்திரி தொடங்கி இரண்டாம் நாள். மில்லுக்குள் இரண்டு பேர் மயங்கினார்கள்.

ஷிப்ட் மாறும்போது முனிரத்தினம் கேட்டை ஒட்டி நின்றிருந்தான். பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரன். என்னைவிட ஆறு வயது சின்னவன். எங்கள் தெருவிலேயே கடைசி வீடு. நான் நிற்கிற இடத்தில்தான் அடுத்த ஷிப்டில் அவன் நிற்பான். என் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைக் கறந்துவிட்டான்.

"இதுக்கா பேஜாரு? அடுத்த வாரம் எனக்கு ரெண்டாவது ஷிப்ட் நைனா. உன் டோக்கனைக் கொடு. காலைல உன் பேர்ல நிக்கிறேன், மத்தியானம் என் பேர்ல நிக்கிறேன்."

"பதினாறு மணி நேரம்டா. மாட்டினா ரெண்டு பேருக்கும் வேலை போய்டும்."

"டைம் ஆபீஸ்ல டோக்கனைத்தான் எண்ணுவான், மூஞ்சியையா பாக்குறான்? மேஸ்திரிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"இன்னா வேணும் உனக்கு?"

"துட்டா கேட்டேன்? நீ கிளார்க்கானா எனக்கு லீவு போட்டுக் கொடு, போதும்."

மேஸ்திரியிடம் அவனே போய்ப் பேசினான். மேஸ்திரி என் பக்கம் திரும்பாமல், "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று மட்டும் சொன்னார். சரி என்று அர்த்தம்.

என் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை அவன் கையில் கொடுக்கும்போது என் விரல்கள் விடவில்லை. அவன்தான் பிடுங்கிக்கொண்டான்.

8 மே, திங்கள்

காலை 5.30 திருவள்ளூர் பஸ். பெரியபாளையம் வழி. கம்பெனி ஆள் யாராவது ஏறிவிடுவானோ என்று துண்டை முகத்தில் போட்டுக்கொண்டேன்.

தேர்வு எழுதியது பள்ளிக்கூடத்து ஹாலில். சின்னப் பையன்கள் உட்காரும் பெஞ்சு, முட்டி இடித்தது. முதல் பத்து நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. இந்நேரம் டோக்கன் எண்ணியிருப்பார்களே என்பது மட்டும். பிறகு கை எழுதத் தொடங்கியது. ஐந்து கேள்வியில் நான்கு சுமாராக எழுதினேன்.

பக்கத்து பெஞ்சில் ஒரு அம்மா. கமலா டீச்சர். நாற்பது வயது இருக்கும். வெளியே வேப்பமரத்தடியில் எனக்கும் தயிர்சாதம் கொடுத்தார்.

"உங்களுக்கு எத்தனை நாள் லீவு கொடுத்தாங்க?"

பொய் சொன்னேன். "மூணு."

"நல்ல கம்பெனி. எங்க டிபார்ட்மெண்டில முன்அனுமதி வாங்கினாத்தான். அதுக்கு நான் எட்டு மாசம் அலைஞ்சேன். ஆனா வாங்கிட்டா பரீட்சை அன்னிக்கு யாரும் வாய் தொறக்க முடியாது."

பெட்டியில் கிடக்கும் என் கடிதத்தின் நகலை நினைத்துக்கொண்டேன்.

வீடு வந்தபோது மாலை ஐந்தரை. ஒன்றும் ஆகவில்லை என்று ச. சொன்னாள். முனி மத்தியானம் வந்து மோர் குடித்துவிட்டுத் திரும்ப வேலைக்கு ஓடினானாம். கண் சிவந்திருந்ததாம்.

9 மே, செவ்வாய்

முதல் ஷிப்ட், நானே போனேன். டோக்கனைத் திருப்பி வாங்கியிருந்தேன். முனியிடம் நாளைக்கு வேண்டாம் என்றேன். "பாதில வுட்டா இன்னா படிப்பு அது?" என்று டோக்கனை மறுபடி வாங்கிக்கொண்டான்.

10 மே, புதன்

இதை எழுத முடியுமா தெரியவில்லை.

ஆங்கிலம் நன்றாக எழுதினேன். கும்மிடிப்பூண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ச. பாப்பாவோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பதினோரு மணிக்கு மில் கேட்டிலிருந்து ஆள் வந்து, "உங்க ஊட்டுக்காரருக்கு அடிபட்டுடுச்சு, கம்பி பட்டுடுச்சு" என்றிருக்கிறான். நான் திருவள்ளூரில் இருப்பது இவளுக்குத் தெரியும். இருந்தும் ஓடியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கட்டிலில் முனி. உருளையிலிருந்து தவறிய கம்பி வலது காலைச் சுற்றிக்கொண்டதாம். முட்டிக்குக் கீழே எல்லாம்.

கட்டில் அட்டையில் என் பெயர்.

"நர்ஸம்மா, 'நீதான் சம்சாரமா'ன்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்ல வாய் வரலீங்க. அவரு கண்ணாலயே சொல்லாத சொல்லாதன்னாரு."

என் இடத்தில் வந்த கம்பி அது. எனக்கு வந்தது.

11 மே, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. போக முடியாது. கணக்குப்படி நான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன். ஜன்னலைச் சாத்தி உள்ளே இருந்தேன். தெருவில் யார் பேசினாலும் என்னைத்தான் பேசுகிறார்கள் என்று தோன்றியது.

காலை 8. மேஸ்திரி வந்தார். நிற்கவே இல்லை, வாசற்படியில் ஒரு கால்.

"பத்து நாள் வெளிய தலை காட்டாத. அவன் நீ, நீ அவன். நான் புள்ள குட்டிக்காரன். வாயத் தொறந்தே, மூணு குடும்பம் நடுத்தெருவுல."

காலை 9. முனியின் மனைவி பங்காரம்மா. "அண்ணா, அவரு ராத்திரி ஊட்டுக்கே வரல. மில்லுல கேட்டா நேத்து ஷிப்டுக்கே வரலன்றாங்க."

சொன்னேன். நேற்றே சொல்லாமல் பயந்து இருந்துவிட்டதையும் சொன்னேன். சரோஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பங்காரம்மா அழவில்லை. என்னையே பார்த்தாள்.

"கால் போச்சுன்னா யாரு கால்னு எழுதுவாங்க?"

மறுபடி அவளே கேட்டாள்.

"அவரு செத்தா யாரு செத்ததா எழுதுவாங்க? சொல்லு. படிச்சவன்தானே நீ."

மத்தியானம் இரண்டு பெண்களும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பங்காரம்மாவைத் தங்கை என்று சொல்லி உள்ளே விட்டிருக்கிறார்கள். புருஷன் கட்டிலுக்குப் பக்கத்தில் தங்கையாக நின்றிருக்கிறாள்.

ச. கொண்டு வந்த சேதி: சதை அழுகத் தொடங்கியிருக்கிறது. நாளை காலை பத்து மணிக்கு மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி. ஆபரேஷன். அதற்குமுன் மனைவி கையெழுத்துப் போட வேண்டும்.

"நான் எப்படிங்க போடுவேன்?"

நாளை பத்து மணி. பொருளாதாரம்.

முனி சொல்லி அனுப்பியதையும் சொன்னாள். "போடச் சொல்லு அண்ணியை. நைனா பரீட்சைக்குப் போவட்டும்."

இதில் யாரைக் கேட்பது? எனக்கு வேலை போகும் பயம். முனிக்குக் கால் போகும் பயம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இரண்டும் இருக்கிறது.

12 மே, வெள்ளி

5.30 பஸ்ஸில் ஏறிவிட்டேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும். ஹால் டிக்கெட் சட்டைப்பையில்.

கவரைப்பேட்டையில் பஸ் நின்றது. ஒரு பொம்பளை இறங்க முடியாமல் மூட்டையோடு தடுமாறினாள். மூட்டையை இறக்கிக் கொடுத்தேன். கீழே நின்றேன். கண்டக்டர், "யோவ், ஏறு" என்றார். கால் வரவில்லை. பஸ் போய்விட்டது. தைரியத்தில் இறங்கினேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஏறப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து, பங்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு 7.45க்கு மில் கேட் முன்னால் நின்றேன். வாட்ச்மேன் பேயைப் பார்த்த மாதிரி பார்த்தான். "உனக்குக் கால் வெந்துச்சே!"

ஆபீசர் எட்டரைக்கு வந்தார். பேச்சு வராது என்று தெரியும், அதனால் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஒரு பக்கம். இரண்டு முறை படித்தார்.

"என்ன எழுதியிருக்கேன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியும் சார். பத்து மணிக்குள்ள ஆஸ்பத்திரியில பேரை மாத்தணும். அவன் சம்சாரம் வெளிய நிக்குது."

முகம் கறுத்தது. கத்துவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். போனை எடுத்தார். கம்பெனி ஜீப்பில் பங்காரம்மாவும் நானும் போனோம். 9.35க்கு அட்டையில் என் பெயரை அடித்து அவன் பெயரை எழுதினார்கள். பங்காரம்மா கைநாட்டு வைத்தாள்.

முனி என்னைப் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். வலி என்று நினைத்தேன்.

15 மே, திங்கள்

உத்தரவு வந்தது. ஆள்மாறாட்டம், நிர்வாகத்தை ஏமாற்றியது. விசாரணை முடியும்வரை இரண்டு பேரும் சஸ்பெண்ட். 19ஆம் தேதி விசாரணை.

முனிக்கு ஆபரேஷன் முடிந்தது. கால் இருக்கிறது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்களாம். பாதம் பழையபடி மடங்காது.

பாப்பாவுக்கு வேர்க்குரு. சந்தனம் இல்லை, வெள்ளரிக்காய் தேய்த்தாள் ச. என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

19 மே, வெள்ளி

விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஆபீசரோடு மூன்று பேர். இந்தப் பக்கம் நான் மட்டும். நாற்காலி இருந்தது, உட்காரச் சொல்லவில்லை.

மேஸ்திரியை உள்ளே கூப்பிட்டார்கள். தனக்கு ஒன்றுமே தெரியாது என்றார். என்னைக் கேட்டார்கள். அவருக்குத் தெரியும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. முனி தானாக வேலை பார்க்கவில்லை, மேஸ்திரி நிறுத்தித்தான் நின்றான் என்று இருந்தால்தான் அவனுக்கு வேலை விபத்து என்று வரும். அதற்காகச் சொன்னேன். பழி வாங்கவில்லை. எழுதி வைக்கிறேன், பழி வாங்கவில்லை.

"முன்அனுமதி ஏன் கேக்கல?"

நகலை நீட்டினேன். ஆபீசர் முத்திரையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். மூவரில் மூத்தவர் அவரிடம், "இதுக்கு என்ன பதில் போட்டீங்க?" என்றார். ஆபீசர் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"அன்னிக்கே இதைக் காட்டியிருக்கலாமே?" என்று என்னிடம் கேட்டார் மூத்தவர்.

"பயந்துட்டேன் சார்."

அதையும் எழுதிக்கொண்டார்கள்.

26 மே, வெள்ளி

முடிவு வந்தது.
முனி: வேலை விபத்துதான். சிகிச்சை அவன் பெயரில். கடைசி எச்சரிக்கை.
மேஸ்திரி: வேறு பிரிவு.
நான்: ஒரு மாதம் சஸ்பென்ஷன், கடைசி எச்சரிக்கை, பிறகு பழைய வேலை, பழைய இடம்.

நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னார். தேர்வு எழுதுகிற தொழிலாளர்கள் முப்பது நாள் முன்னதாக எழுதிக் கேட்கலாம், கொடுப்பது நிர்வாகத்தின் விருப்பம்.

"உன்னாலதாம்பா," என்றார். பாராட்டா, திட்டா, தெரியவில்லை.

பழைய இடம் என்று படித்ததிலிருந்து உள்ளங்கை ஈரமாகவே இருக்கிறது.

28 மே, ஞாயிறு

மெட்ராஸ் போனேன். ரயிலில் நல்ல கூட்டம். இரண்டு ஆரஞ்சு வாங்கிக்கொண்டேன். பங்காரம்மா வெளியே நாஷ்டா சாப்பிடப் போயிருந்தாள்.

முனி உட்கார்ந்திருந்தான். கால் ஒரு மரச்சட்டத்தில். இளைத்துவிட்டான். ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"மூணாவது பேப்பர் எப்படி?"

"போவலடா. அன்னிக்குத்தானே ஆபீஸ்ல..."

சுளையைக் கீழே வைத்தான்.

"எழுதலையா?"

"அக்டோபர்ல திரும்ப வரும்."

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். "பரீட்சை முடிச்சிட்டு சாயங்காலமா வந்து ஆபீஸ்ல சொன்னா ஆகாதா? அண்ணியை ஒரு கையெழுத்துப் போடச் சொல்றதுக்கு இன்னா? அப்ப நான் இன்னாத்துக்கு வெந்தேன், சொல்லு!"

நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னார். வராந்தாவில் பார்வை நேரம் முடிகிறவரை நின்றேன். உள்ளே போகவும் பயம், ரயிலேறி அந்தப் பழைய இடத்துக்குத் திரும்பவும் பயம்.